படகும் தண்ணீரும்: காலிக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே முழங்கால் வலியைத் தவிர எல்லாரும் சுகம். சோளகம் (தென்மேல் பருவக்காற்று) எழும்ப முன்னம் காலியிலிருந்து மாலைதீவுக்கு இறங்கப் போகிறாய் என்று வாசிக்கச் சந்தோஷம். நாளாந்தம் எதைப் பார்க்கவேணும் என்று கேட்டாய். பாய்ப்படகில் தண்ணீர் எங்கெங்கே போகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் முக்கால்வாசிப் பழுது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

காலையில் முதல் வேலை பில்ஜ், அதாவது படகின் அடியில் தண்ணீர் சேருகிற பள்ளம். அதை ஸ்பொஞ்சால் ஒற்றிக் காயவைத்திரு. எப்போதும் ஈரமாய்க் கிடக்கிற பில்ஜில் புதுக்கசிவு கண்ணில் படாது. தண்ணீர் நின்றால் விரலில் தொட்டு நாக்கில் வை. உப்பென்றால் கடல், உப்பில்லையென்றால் உன் தாங்கியோ மழையோ. பில்ஜ் பம்பைத் தானாக ஓடவைக்கிற மிதவையைக் கையால் தூக்கிப் பம்ப் ஓடுகிறதா என்றும் பார். மிதவைக்குக் கீழே ஒரு துணித்துண்டு சிக்கினாலே போதும், அது எழும்பாது.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினதும் முதலில் பார்க்கவேண்டியது மீற்றரை அல்ல, புகைக்குழாயை. புகையோடு கடல்தண்ணீர் துப்பித்துப்பி வரவேணும். வராவிட்டால் உடனே நிறுத்து. எஞ்சினைக் குளிர்விக்கிற கடல்தண்ணீர்ப் பம்புக்குள் இருக்கிற சிறகு வைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கு, அதாவது இம்பெல்லருக்கு, தண்ணீர்தான் மசகு, வறட்சியில் ஒரு நிமிடம் ஓடினாலே சிறகு கருகிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றாலும் சிறகுகள் வளைந்தபடியே இறுகிப்போகும். இம்பெல்லரை மாற்றும்போது சீகொக்கை, அதாவது படகின் அடியில் தண்ணீர் போய்வருகிற துளையின் வால்வை மூடி, எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடு. திறக்க மறந்து ஸ்டார்ட் பண்ண முடியாது. புது இம்பெல்லருக்குக் கிறீஸ் வேண்டாம், பாத்திரம் கழுவும் திரவம் தடவு. பழையதில் சிறகு குறைந்திருந்தால் உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுக்கவேணும். அநேகமாக எஞ்சின் சூட்டைக் கடல்தண்ணீருக்கு மாற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும். அதை விட்டால் புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடாகும், நீ தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய்.

சுழல்தண்டுக் கிளாண்ட் (புரொப்பெல்லர் தண்டு படகுக்கு வெளியே போகிற இடத்து அடைப்பு) சொட்டுகிறது என்று பயப்பட்டிருந்தாய். தண்டைச் சுற்றிக் கயிறு திணிக்கிற பழைய பாக்கிங் வகை என்றால் தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேணும். அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. கையை வை, இளஞ்சூடு பரவாயில்லை, கொதித்தால் இறுக்கம் கூடிப்போச்சு. இறுக்குவதென்றால் இரண்டு நட்டையும் சமமாக, ஒரு தடவைக்கு ஆறில் ஒரு சுற்று. ஒரே சொட்டும் விழாமல் இறுக்கினால் தண்டில் வரி விழுந்து, பிறகு எந்தப் பாக்கிங்கும் நிற்காது.

சீகொக் எல்லாவற்றையும் மாதம் ஒரு தரமாவது திறந்து மூடு, இல்லாவிட்டால் தேவைப்படுகிற அன்றைக்கு அசையாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் அளவுக்கு ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு. புறக்கோட்டை இரும்புக்கடைகளில் பளபளக்கிற பித்தளை வால்வு மலிவுதான், வீட்டுக்குழாய்க்கு நல்லது. நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலம்தான். உப்புநீர் பித்தளையிலிருந்து நாகத்தைத் தின்றுவிடும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் செம்பு நிறம் தெரியும், அப்போது தட்டினாலே உடையும். ஹோஸ் கிளிப் வாங்கும்போது காந்தம் கொண்டுபோ. மலிவான கிளிப்பில் பட்டி துருப்பிடிக்காது, திருகாணி பிடிக்கும். காந்தம் இழுத்துப் பிடித்தால் திருப்பிக் கொடு.

பாய்மரக் கம்பிகளிலும் தண்ணீர்தான் எதிரி. மேல்முனையிலிருந்து மழையும் உப்பும் வடியும், ஆனால் கீழ்முனைப் பிடியின் வாய் மேல்நோக்கிக் கிண்ணம் மாதிரி இருப்பதால் அதற்குள் தேங்கும். அதனால் வெடிப்பும் அறுந்த இழையும் அநேகமாகக் கீழேதான். கொஞ்சம் பஞ்சைக் கம்பியில் உருவிப் பார், அறுந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வெறுங்கையால் உருவாதே. ஒரு இழை போனாலும் அந்தக் கம்பியை நம்பிக் கடலுக்கு இறங்காதே.

டீசலில் தண்ணீர் கலந்தால் அடியில் தங்கும், அந்த எல்லையில் கிருமி வளர்ந்து பசை பசையாய் ஃபில்டரை அடைக்கும். அலையடிக்கும்போதுதான் கலங்கி மேலே வரும், அதாவது எஞ்சின் அவசியமான நேரத்தில். தாங்கியை நிரப்பியே வை, வெற்றிடத்தில் காற்று வியர்க்கும். முதல் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தை ஓட முன்னம் ஒவ்வொரு நாளும் பார்த்து, அடியில் தண்ணீர் தெரிந்தால் வடி. ஃபில்டர் மாற்றினால் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடி.

குடிநீர்த் தாங்கிக்கு வாசனையில்லாத 5 சதவீத பிளீச், 200 லீற்றருக்கு 200 மில்லி. குழாய்கள் எல்லாவற்றிலும் மணம் வரும்வரை திறந்துவிட்டு, நாலு மணித்தியாலம் வைத்து, வடிவாக அலசிக் கொட்டு. குடிக்கிற தண்ணீருக்கு அந்த அளவு இல்லை, அது கழுவ மட்டும். அலுமினியத் தாங்கியென்றால் இரவு முழுக்க விடாதே.

கழிவறைப் பம்பைச் சுத்தமான தண்ணீரால் பத்துப் பதினைந்து தரம் கூடுதலாக அடி. சிறுநீரும் கடல்நீரும் குழாயில் தேங்கினால் சுண்ணாம்பு படிந்து உள்விட்டம் குறுகும். பிறகு கழற்றித் தட்டுகிற வேலையை யாருக்கும் விரும்பமாட்டேன். சமைத்து முடிந்ததும் காஸ் சிலிண்டரை வாயிலேயே மூடு. காஸ் காற்றைவிடக் கனம், நேரே பில்ஜுக்குத்தான் இறங்கும்.

உன் கடல்தண்ணீர்ப் பம்பின் தகட்டிலுள்ள இலக்கத்தை எழுதி அனுப்பு. பழைய இம்பெல்லரின் விட்டமும் சிறகு எத்தனை என்பதும் சேர்த்து எழுது. இரண்டு வாங்கி, மேல்மூடிக் கடுதாசி கஸ்கட்டோடு காலிக்கு வருகிற ரயிலில் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

உன் நண்பன்