எண்ணெய்–தண்ணீர் பிரிப்பு ஆய்வகம்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எண்ணெய்–தண்ணீர் பிரிப்பைக் கட்டுப்படுத்திப் பார்க்க ஒரு சிறிய ஆய்வகம் கேட்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை அனுப்பிய கோப்பு, 'சிமுலேஷன் போதும்' என்ற குறிப்போடு இந்த ஆண்டும் திரும்பி வந்துவிட்டது. கோப்பில் உள்ளதை மறுபடி எழுதப்போவதில்லை. கணினியில் மட்டும் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் ஏன் போதாது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது லேபில் இருப்பது தண்ணீர் மட்டும் ஓடும் ஒரு லெவல் டிரெய்னர், அதாவது தொட்டியின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்திப் பழகும் கருவி. அதன் கண்ட்ரோல் வால்வு பாதித் திறப்பில் சிக்கிக்கொள்ளும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதி, அழகாக கிராஃப் போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஓடாத கருவியைக் கொடுத்துவிட்டு அவர்களை எந்த முகத்தோடு கண்டிப்பது? பார்க்காத அளவை எழுதப் பழகிய இதே பிள்ளைகள்தான் நாளைக்கு மணலி சுத்திகரிப்பு ஆலையிலோ வேறெங்கோ, எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் ஒரு செப்பரேட்டருக்குப் பொறுப்பாக நிற்பார்கள்.

கணினித் திரையில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரே ஒரு நேர்கோடு. நிஜத் தொட்டியில் அந்த இடத்தில் இரண்டும் கலந்த கலங்கல் அடுக்கு ஒன்று நிற்கும். சென்சார் ஏமாறுவது அங்கேதான். வால்வை இறுக்கினால் எண்ணெய்த் துளிகள் உடைந்து சிறுத்துவிடும். துளியின் விட்டம் பாதியானால் அது மேலேறும் வேகம் கால் பங்காகக் குறையும் என்பது ஸ்டோக்ஸ் விதி. ஆக, மட்டத்தை ஆடாமல் அசையாமல் பிடித்து வைக்க வால்வை இறுக்கும் கண்ட்ரோலரே வெளியேறும் தண்ணீரில் எண்ணெயைக் கூட்டிவிடலாம். ஒரு மாணவி தன் கையால் செட்டிங்கை மாற்றி, தண்ணீர் கலங்குவதைக் கண்ணால் பார்த்தால் இது ஆயுசுக்கும் மறக்காது.

நம் கல்லூரி இருப்பது வடசென்னையில். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெய் அள்ளியதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் வந்து, மீனவர்களின் வலையும் படகும் நாசமானதையும் பார்த்தோம். யார் தவறு என்று பேச இந்த மடல் இல்லை. ஆனால் மழைநீர் புகுந்து வரத்து இரண்டு மடங்கானால், செப்பரேட்டருக்குள் தண்ணீர் தங்கும் நேரம் பாதியாகிவிடும். சுத்திகரிப்பு ஆலைக் கழிவுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் எண்ணெய்தான் அனுமதி. அந்த நிலையில் எந்த வால்வை எப்போது திறப்பது? பம்பின் வேகத்தைத் திடீரென்று கூட்டி இதைப் பாதுகாப்பாகச் சோதித்துப் பார்க்கத்தான் ஆய்வகம் கேட்கிறோம்.

முகப்பு வளைவுக்குப் பணம் இருந்தது. ஏசி கருத்தரங்கக் கூடத்துக்கும் இருந்தது. ஆய்வுக்குழு வருகிறது என்றால் லேப் சுவருக்குப் புது பெயின்ட் அடிக்கிறோம், உள்ளே இருக்கும் வால்வை யாரும் மாற்றுவதில்லை. பெற்றோர் கட்டும் ஃபீஸில் லேபுக்கென்று தனியாகவே ஒரு தொகை வாங்குகிறோம்.

மன்னிக்கவும், ஆதங்கத்தில் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

நாங்கள் கேட்பது ஓர் அறைக்குள் அடங்கும்: உள்ளே நடப்பது தெரிகிற அக்ரிலிக் தொட்டி, இரண்டு பம்புகள், கண்ட்ரோல் வால்வுகள், மட்டம் காட்டும் சென்சார், கலங்கல் அளக்கும் சென்சார். கச்சா எண்ணெய் வேண்டாம். சாயம் கலந்த மினரல் ஆயில் போதும். வால்வையும் பம்பையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. துறையிலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆண்டில் நிதி தர முடியாவிட்டால், தொட்டிக்கும் பம்புகளுக்கும் முதலில் அனுமதி கொடுங்கள். அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் கோப்பை மறுபடி எடுத்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை ஆசிரியர் ஒருவர்