அம்மாவிடம் காட்டாதே

துவாஸ், சிங்கப்பூர்

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் நலம். உன் கேரம் விஷயமாகப் போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் டார்மிட்டரியிலிருந்து லாரியில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். கப்பல் பட்டறையில் பைப் வெல்டிங். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போனால் எங்கும் தமிழ்க் குரல்தான், சாப்பாட்டுக்கும் குறையில்லை.

கூட வேலை பார்க்கும் ஒருத்தன், சாய்வாக நிறுத்திய பைப்பை வெல்டிங் செய்து காட்டும் 6ஜி டெஸ்ட்டில் அவன் ஜாயின்ட் எக்ஸ்ரேயில் போய்விட்டது. எனக்குப் பாஸ். அன்றிலிருந்து என்னை ‘தலைவா’ என்றுதான் கூப்பிடுகிறான். சூப்பர்வைசர் எதிரில், “சார், இந்தக் கை யாருக்கு வரும்? இவனுக்கு ஹெல்பரே வேண்டாம்” என்றான். மறுவாரமே என் ஹெல்பரை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள். கிரைண்டிங், ஃபிட்டப் எல்லாம் நான் ஒருத்தனே பார்க்க, வேலை இழுத்தது. அப்போது அதே ஆள், “பாவம் சார், நல்ல வேலைக்காரன். மனசு சரியில்லை போல” என்றான். ஒரு வார்த்தை திட்டவில்லை பார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். புகழ்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

கேரம் செலக்‌ஷனில் உன்னிடம் தோற்ற அந்தப் பெண், “உன் பேக் ஷாட் போதும், நேர் காயினை எதுக்கு இவ்வளவு நேரம் அடிக்கிறே” என்கிறாள் என்றாயே. அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. எல்லார் எதிரிலும் ‘அடுத்த காசிமா’ என்கிறாளாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய பெண், நம்ம செரியன் நகர் ஆட்டோக்காரர் மகள். அந்தப் பேரை இப்போதே உன் தலையில் ஏற்றிவிட்டால், நாளைக்கு நீ ஒரு போர்டில் தோற்றாலும் ஏரியாவே பேசும். அவள் மனசில் கெட்ட எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவள் பாராட்டு உன் பிராக்டிஸைக் குறைக்கிறதே, அதைத்தான் பார்க்கிறேன். ஆட்டம் தெரிந்து பாராட்டுகிறவர்கள் எந்த ஷாட், ஏன் நன்றாக வந்தது என்பார்கள். அப்படிச் சொன்னால் தாராளமாகச் சந்தோஷப்படு.

ரெட் காயினைப் போட்டதும், அது கணக்கில் சேர அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவில் அவசரப்படுகிறாய் என்று மாஸ்டர் கத்துகிறாராமே, கத்தட்டும். அவர் பக்கத்து போர்டிலேயே உட்கார். அவளோடு பேச்சை வெட்டாதே, டீ குடி, சிரி. ஆனால் எதை, எவ்வளவு நேரம் பயிற்சி செய்வது என்பதை மட்டும் அவளிடம் கேட்காதே.

அடுத்த மேட்ச்சை முழுசாக வீடியோ எடுத்து அனுப்பு, தவறவிட்ட காயின்களையும் வெட்டாமல். அப்புறம், பணம் செவ்வாய்க்குள் வந்துவிடும். அம்மாவின் கண்ணாடியை மாற்றிவிடு.

அன்புடன்,
அண்ணன்