சித்தப்பாவிடம் யோசனை கேள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் போன் வந்ததிலிருந்து சித்தப்பா நினைப்பாகவே இருக்கிறது. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, மறுவாழ்வு மையத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறார், எப்படித் தைரியம் சொல்வதென்றே தெரியவில்லை என்றாய். அப்பாவுக்கும் பக்கவாதம் வந்தபோது இப்படி ஒரு மையத்தில்தான் மாதக்கணக்கில் கூட இருந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தைரியம் சொல்வதை முதலில் குறைத்துக்கொள். பார்க்க வருகிற எல்லாரும் 'கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அதற்குப் பிறகு அவர் தன் பயத்தை யாரிடம் சொல்வார்? அப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது ஆறுதல் வார்த்தை இல்லை. வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. இப்போதைக்குப் பூசி ஒப்பேற்றுவதா, முழுசாகப் பிரித்துப் போடுவதா என்று அவரிடமே போய்க் கேட்டேன். குழறிக் குழறி, நிறுத்தி நிறுத்தி, எந்த மூலையில் முன்பு ஒழுகியது, அப்போது என்ன செய்தார் என்றெல்லாம் சொன்னார். நோயாளியிடம் எல்லாரும் உடம்பைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். யோசனை கேட்க யாருக்கும் தோன்றாது. சித்தப்பா இத்தனை வருஷம் குடும்பத்தை நடத்தியவர். நீ கேள். பாவனையாக இல்லை, உண்மையிலேயே அவர் முடிவு தேவைப்படுகிற விஷயமாகப் பார்த்துக் கேள். அவர் சொன்னபடி செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று போய்ச் சொல்.

பேச்சு வரவில்லையே, எப்படிக் கேட்பது என்பாய். வலது பக்கம் செயலிழந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து பாதிப்பது சகஜம். உடம்பின் வலது பக்கத்தை இயக்குகிற மூளையின் இடது பாதிதான் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சையும் ஆள்கிறது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் இதற்கான முதல் தடயத்தைக் கண்டது 'டான்' என்ற ஒரே ஒலியைத் தவிர அனேகமாக வேறெதுவும் சொல்ல முடியாத ஒரு நோயாளியை வைத்துத்தான். அந்த மனிதருக்கு மற்றவர்கள் பேசியது பெரும்பாலும் புரிந்தது. சித்தப்பாவுக்கும் நீ சொல்வது புரிகிறது என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லியிருக்கிறாரே, அது பெரிய விஷயம். டிவியை அணைத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள். 'இதுவா, அதுவா' என்று கேட்டால் கையைக் காட்டியாவது பதில் சொல்வார். சொல்லைத் தேடும்போது அவசரப்பட்டு நீ எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. அப்புறம் ஒன்று, அவர் கட்டிலருகே நின்றுகொண்டு அவரைப் பற்றி மற்றவர்களிடம் 'இவருக்கு இப்ப எதுவும் முடியல' என்று யாரும் பேசக் கூடாது. சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி, வெளியே கூட்டிக்கொண்டு போய்விடு.

இன்னொன்று, பாசத்தால் நாம் செய்கிற கெடுதல். சட்டை போட்டுவிடுவது, தலை வாரிவிடுவது, ஊட்டிவிடுவது. பாதித்த கையைப் பயன்படுத்தாமலே விட்டால், வர வேண்டிய அசைவும் தாமதமாகும். சட்டை போடுவதற்கு அங்கே ஒரு முறை சொல்லிக் கொடுப்பார்கள்: பாதித்த கையை முதலில் நுழைத்து, தோள் வரை ஏற்றிவிட்டு, பிறகு நல்ல கை, கழற்றும்போது நல்ல கை முதலில். அவரே செய்யட்டும். ஒரு பொத்தான் துளைக்குள் போகாமல் நழுவி நழுவி வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கை பரபரக்கும். இரு. அந்தப் பொத்தான் ஏறிய பிறகு அவர் முகத்தைப் பார். அவர் கேட்டால் மட்டும் உதவி செய். பாதித்த கையைப் பிடித்து மட்டும் தூக்காதே. தசை தளர்ந்திருக்கும்போது தோள்மூட்டு சுலபமாக விலகிவிடும். அதேபோல், விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளாமல் தண்ணீர்கூடக் கொடுக்காதே, நுரையீரலுக்குள் போய்விடலாம்.

காரணமே இல்லாமல் அழுகிறார் என்றாயே, அது மூளைப் பாதிப்பாலும் வரும். சிலருக்குச் சிரிப்புகூட அப்படி அடக்க முடியாமல் வந்துவிடும். பதறாமல் கொஞ்ச நேரம் கூட இருந்து, பேச்சை வேறு பக்கம் திருப்பு, போதும். ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், தெரபி எதிலும் ஈடுபாடில்லாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. மன உறுதி இல்லை என்று அவரைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

தெரபி முடிந்த கையோடு போய் நிற்காதே. நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற நாலடி நடை அவரை அப்படியே களைக்க வைத்துவிடும். தூங்கி எழுந்த பிறகு போ, கொஞ்ச நேரம் இரு, அடுத்து எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. சொன்ன நேரத்துக்குப் போ. அந்த நாள் முழுக்க அவர் அதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், பிறகு மெதுவாகும். மெதுவானதும் 'இதோடு அவ்வளவுதான்' என்று அவரும் நினைப்பார், நீங்களும் நினைப்பீர்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் தாண்டியும் முன்னேறுகிறவர்கள் இருக்கிறார்கள். தேதி போட்டுச் சின்னச் சின்ன வீடியோ எடுத்து வை, அவர் சம்மதித்தால் மட்டும். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது, போன மாதத்து வீடியோவைப் பார்த்தால் தெரியும்.

சித்தி நாற்காலியிலேயே தூங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். அது வேண்டாம். அடுத்த வாரம் நான் வந்து சில நாள் சித்தப்பாவோடு இருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள். நான் வருவதை சித்தப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு, எந்த நாள் வந்தால் தோது என்று அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா