பசுமைச் சலுகை பெரிய காருக்கு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சார கார் விற்பனை கூடிவருவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கடலூரில் ஒரு வங்கிக் கிளையின் வாகனக் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். கார் வாங்க வருகிறவர்கள் வாய்விட்டுச் சொல்வதையும் கடைசியில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதையும் அன்றாடம் பார்க்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

சுற்றுச்சூழலைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துக் காற்று எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்கள். "கரண்ட் வண்டி நல்லதுதான் மேடம்" என்று ஏறக்குறைய எல்லோருமே சொல்கிறார்கள். உடனே, "இப்ப இந்த பெட்ரோல் வண்டியை எடுத்துடுறேன், அடுத்த வண்டி கண்டிப்பா கரண்ட் வண்டிதான்" என்கிறார்கள். ஏழு வருடக் கடன் அடையும்போது பிள்ளையின் கல்லூரிச் செலவோ வீட்டுக் கல்யாணமோ வந்து நிற்கும். அந்த அடுத்த வண்டி பெரும்பாலும் வருவதில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் கார். "சின்ன வண்டி போதும்ப்பா, நாலு பேர்தானே" என்றார் அப்பா. "எடுக்கிறதே ஒரு தடவை, பெருசா எடுத்துடலாம்" என்றார் மகன். கொட்டேஷன் மாறியது. தவணை மாதம் எட்டாயிரம் கூடியது. அந்த மகனை நான் குறை சொல்லமாட்டேன். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வாழ்நாளைக் கழித்த அப்பாவை வேளாங்கண்ணிக்கும் திருவண்ணாமலைக்கும் சொந்த வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போக நினைப்பது நல்ல ஆசை. ஆனால் அந்த ஆசை உயரமான, இரண்டு டன் வண்டியில்தான் நிறைவேறும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது விளம்பரம்.

பெட்ரோல் விலை கொஞ்சம் குறைவு என்பதற்காக புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டிப் போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் நம் மக்கள். சிக்கனம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதே ஆட்கள், லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் போகிற வண்டியை ஏழு வருடம் ஓட்ட என்ன செலவாகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்ப்பதில்லை.

சரி, மின்சார கார் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி, "நெய்வேலியில கரியை எரிச்சுத்தானே மேடம் கரண்ட் எடுக்கிறாங்க?" நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் காற்றாலை, சூரியசக்தி எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. சின்ன மின்சார கார் ஒரு யூனிட்டில் ஏழு கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 100 கிராம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சின்ன பெட்ரோல் காருக்கு ஏறக்குறைய 130 கிராம். பதினொரு கிலோமீட்டர் தரும் பெரிய டீசல் வண்டிக்கு 240-க்கு மேல். ஒரு யூனிட்டில் ஐந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பெரிய மின்சார வண்டிக்கு 140 கிராம். பெட்ரோலைச் சுத்திகரிப்பதில் வரும் புகை, பேட்டரி தயாரிப்பில் வரும் புகை இவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் பெரிய மின்சார வண்டிக்கும் சின்ன பெட்ரோல் காருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டீசலைவிட மின்சாரம் மேல்தான். ஆனால் அதில் கிடைக்கும் நன்மையில் ஒரு பகுதியை வண்டியின் எடை தின்றுவிடுகிறது.

அரசு இதைப் பார்ப்பதே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40. பெட்ரோல், டீசல் வண்டியில் இப்படிப் பெரியது சிறியது பார்த்து வரி போடுகிறவர்கள், மின்சாரம் என்று வந்ததும் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு கோடி ரூபாய் சொகுசு மின்சார காருக்கும் அதே 5தான். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக சின்ன பெட்ரோல் கார் வாங்கும் ஆசிரியை அதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் வரிவிகிதம் கட்டுகிறார். இதை எப்படிப் பசுமை என்று சொல்ல முடியும்?

வரி எங்கே குறைவோ அங்கே கனவு கார்கள் போய் நிற்கும் என்பதற்கு வெகுதூரம் போய்ச் சாட்சி தேட வேண்டாம். புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால், கேரளத்தில் ஓடும் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்த விவகாரம் 2017-ல் வெளியே வந்தது. வண்டி வழக்கமாக நிற்கும் ஊரில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் அப்போது சொல்லியிருந்தும் அப்படி நடந்தது.

சின்ன மின்சார காரை மனதார விரும்பி வருகிறவர்களும் உண்டு. ஒன்றைச் சொல்ல வேண்டும், அவர்களில் பெண்கள் அதிகம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வரும் தூரம், வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். வெள்ளத்தில் பேட்டரி என்னாகும் என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது. 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாறு கரைபுரண்டதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் தண்ணீரில் நின்ற பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினும்தான் போய்விடும். தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால் பொதுவாக இன்சூரன்ஸும் கிடைக்காது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அவர்களைத் தடுப்பது வேறு. வாடகை வீடு. "வீட்டுக்காரர் பிளக் பாயிண்ட் வைக்க விடமாட்டேங்கிறார் மேடம்" என்று சொல்லி, போட்ட விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். சொந்த வீடும் போர்டிகோவும் உள்ளவருக்கோ அந்தக் கவலை இல்லை. அவர் பெரியதைத்தான் எடுக்கிறார்.

மின்சார கார் கடன் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு தந்த 80ஈஈபி பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களோடு நின்றுவிட்டது. அதைச் சின்ன மின்சார கார்களுக்கு மட்டுமாவது மத்திய அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும். ஐந்து சதவீத வரியை எடை பார்த்துத் தர வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் தன் செலவில், தன் பெயரில் தனி மீட்டரோடு சார்ஜ் பாயிண்ட் வைத்துக்கொள்ள, வீட்டுக்காரரின் தயவை எதிர்பார்க்க வேண்டியில்லாத ஒரு விதியைத் தமிழக, புதுச்சேரி அரசுகள் கொண்டுவர வேண்டும். அதுவரை கடலூர் மாநகராட்சியும் புதுச்சேரி நகராட்சியும் பேருந்து நிலையம், மார்க்கெட் பக்கம் இரவில் வண்டியை விட்டுச் சார்ஜ் போட இடம் ஒதுக்கித் தரலாம்.

இப்படிக்கு,
வாகனக் கடன் பிரிவு ஊழியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.