இலாகா ஐந்து பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்: மாவட்ட டிங்கித் தடுப்பு ஆலோசனைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கூட்டங்களில் மேசையின் கடைசி முனையில், 'சமூகப் பிரதிநிதி' என்ற அட்டைக்குப் பின்னால் உட்காருகிறவன் நான். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கோயில் நிர்வாகத்தின் செயலாளர். பெயர் நினைவில்லாவிட்டாலும், பழைய லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றி ஒவ்வொரு முறையும் எழுந்து கேட்கும் கிழவன் என்றால் ஆளைத் தெரிந்துவிடும். மூன்று கூட்டங்களில் கேட்டேன். மூன்று முறையும் குறித்துக்கொண்டீர்கள். அதனால்தான் இப்போது எழுதிக் கேட்கிறேன்.

என் எதிர்வீட்டு அம்மாள் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். வாசலில் ஒரு துளசிச் செடி வைத்திருக்கிறார். சிமெண்டுத் தரை கறைபடக் கூடாது என்று தொட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுகாதார இலாகா ஊழியர்கள் இருவர் வந்தார்கள். தட்டைச் சாய்த்து, டார்ச் அடித்து, உறிஞ்சு குழாயால் இரண்டு புழுக்களை எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்கள். அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பார்த்தார். நெளிந்துகொண்டிருந்தன. 500 வெள்ளி (ரிங்கிட்) கம்பவுண்ட், அதாவது அபராதம்.

அந்த ஊழியர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மரியாதையாகப் பேசினார்கள், தட்டில் மணலைக் கொட்டி வையுங்கள் என்று வழியும் சொல்லிவிட்டுப் போனார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது, அதைச் செயல்படுத்தினார்கள். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவருக்கு 500 வெள்ளி என்பது ஏறத்தாழ எட்டு நாள் உழைப்பு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை அம்மாளின் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் ஆண்டு படிக்கிற பையன். திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் கண்டம் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அன்று இரவே வயிற்றுவலி, வாந்தி, வார்டில் சேர்த்தார்கள். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரத்தம் எடுக்கும்போதும் கீழே போனது. அம்மாள் நான்கு இரவு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் கிடந்தார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. பையன் பிழைத்துக்கொண்டான், மாரியம்மன் புண்ணியத்திலும் மருத்துவர்கள் புண்ணியத்திலும். அவனை வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாள் காலை அம்மாள் கட்டண முகப்பில் வரிசையில் நின்று கம்பவுண்ட் கட்டினார்.

பையனைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் தட்டிலிருந்த புழுக்கள் இன்னும் கொசுவாகவே ஆகவில்லை. கடித்த பிறகு காய்ச்சல் தெரிய குறைந்தது நான்கு நாளாவது ஆகும். ஆகவே பையனைக் கடித்தது அந்தப் புழுக்களில் ஒன்று அல்ல. வேறு எங்கே என்று கேட்டால், வீட்டின் பின்கதவைத் திறந்து எண்பது அடி நடந்தால் பழைய லயம்.

தோட்டம் கைமாறிய பிறகு காலியான மூன்று லயங்கள், இருபத்து நான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி. தகரக் கூரைகளைப் பழைய இரும்புக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் மழை நேராக உள்ளே இறங்குகிறது. கோயில் இளைஞர்கள் இருவரோடு போய் எண்ணினேன்: பத்தொன்பது தொட்டிகளில் தண்ணீர். ஒன்றில் டார்ச் அடித்தோம். வெளிச்சம் பட்டதும் தண்ணீருக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் அடிக்குப் போயின. கொஞ்ச நேரம் பொறுத்து, ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் நுனியை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கின. அம்மாளின் தட்டில் இரண்டு. இங்கே எண்ண முடியவில்லை.

கவிழ்த்துவிடலாமே என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். சிமெண்டுத் தொட்டி கவிழாது, ஐயா. கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு) வைத்து வாளியால் இறைத்தோம். நான்கே நாளில் மழை மீண்டும் நிரப்பிவிட்டது. அடியில் ஓட்டை போடலாம் என்று சுத்தியலோடு போனால், வேலியில் 'அத்துமீறி நுழைவோர்மீது வழக்குத் தொடரப்படும்' என்ற பலகை.

இனி மேசைக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். சுகாதார இலாகா: உரிமையாளர் யார் என்று தெரிந்தால்தான் ஆணை அனுப்ப முடியும். மாவட்ட மன்றம்: அது தனியார் நிலம், எங்கள் எல்லைக்குள் வராது. தொழிலாளர் இலாகா: 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் தொழிலாளர் குடியிருக்கும் வீட்டுக்குத்தான், அங்கே இப்போது யாரும் இல்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகா: தொட்டி கால்வாய் ஆகாது. நில அலுவலகம்: எழுத்து மூலம் விண்ணப்பம் வந்தால் பதிவேட்டைப் பார்க்கலாம். ஐந்து பேரும் அவரவர் சட்டப்படி சரியாகவே பேசினீர்கள். கூட்டக் குறிப்பில் நடவடிக்கை என்ற கட்டத்தில், 'தொடர்புடைய அனைத்து இலாகாக்களும்' என்று எழுதினீர்கள். பிறகு கறிபாப்பும் தேநீரும் வந்தன. கறிபாப் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் மாவட்டத்தில் மாவட்ட அலுவலகமும் நில அலுவலகமும் ஒரே கட்டடம். கூட்டம் நடக்கும் அறைக்கு நேர் கீழே, படியிறங்கினால் பட்டாப் பதிவேடு. உரிமையாளர் யாரென்று தெரியவில்லை என்ற வாக்கியம் மூன்று கூட்டங்களாக மேல்மாடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மாடி இறங்க ஒன்பது மாதம் போதாதா?

கொசுவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறீர்கள்; அதற்குள் அந்தத் தொட்டியில் ஐந்தாறு தலைமுறை தோன்றி, கல்யாணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்துவிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். பையன் வார்டில் இருந்தபோது எங்கள் தெருவுக்குப் புகையடித்தார்கள். நன்றி. ஆனால் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருப்பதைத் தொடாது. புகை வண்டி வேலியோடு திரும்பிப் போனது, அந்தப் பக்கம் தனியார் நிலம் அல்லவா.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம் பெரியவர்கள் சொன்னது தெருக்கூத்து ஆடுகிறவரை. என் பாட்டி கொசுப் புழுவையும் கூத்தாடி என்றுதான் சொல்வார். இலாகா ஐந்து பட்டதால் கொண்டாடுவது இந்தக் கூத்தாடிதான்.

எங்களுடையது ஆலோசனைக் குழு, உத்தரவிடும் அதிகாரம் இல்லை என்று தலைவர் போன முறை விளக்கினார். ஒப்புக்கொள்கிறேன். குழுவுக்கு அதிகாரம் இல்லை. குழுவில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருக்கிறது. அதே 1975ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பவரை மட்டும் பிடிக்கவில்லை, இடத்தின் உரிமையாளரையும் சேர்த்தே பிடிக்கிறது. சோதனைக்காக உள்ளே நுழையவும் வழி தருகிறது. துளசித் தொட்டி வரை வந்த சட்டத்துக்கு எண்பது அடி தள்ளி நடக்கக் கால் வலிக்கிறதா?

ஆலோசனைக் குழு என்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. ஆங்கிலேயர் ஆண்ட இணைந்த மலாய் மாநிலங்களில் மலேரியா ஆலோசனை வாரியம் 1911இலேயே அமைந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவை அடக்கிக் காட்டியிருந்தார். வெள்ளைக்காரன் நம் பாட்டன்மேல் இரக்கப்பட்டுச் செய்தான் என்று நான் நினைக்கவில்லை. ஆள் செத்தால் பால் மரம் வெட்ட ஆள் இல்லை என்ற கணக்கு அது. ஆனாலும் கால்வாய் வெட்டப்பட்டது. இன்னொன்று, நம் காலத்திலேயே நடந்தது. 1998, 1999இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய நோயை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தோம். நிப்பா என்ற புதிய கிருமி என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் தெரியவந்த பிறகே விலங்குப் பக்கமும் மனிதப் பக்கமும் ஒன்றாகப் பார்க்கப்பட்டன. அதற்குள் இழந்தவர்களையும் சேர்த்து 105 உயிர் போனது. அப்போது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை அழிக்க முடிந்த அரசாங்கத்துக்குப் பத்தொன்பது தொட்டி பெரிய காரியமா?

முதல் கூட்டத்தில் திரையில் ஒரு வரைபடம் காட்டினீர்கள். 2019இல் நாடு முழுவதும் 130,101 பேருக்கு டிங்கி, 182 மரணம். நல்ல வண்ணத்தில் இருந்தது. அந்தக் கோட்டில் எங்கள் லயமும் ஒரு புள்ளியாக இருக்குமோ என்று தேடினேன். தோட்டம் என்றாலே இப்படித்தான். தெருவிளக்கு கேட்டால் தனியார் நிலம். குப்பை வண்டி கேட்டால் தனியார் நிலம். தேர்தல் வந்தால் மட்டும் அதே மண்ணில் கூடாரம் போட்டு ஒலிபெருக்கி கட்டலாம், அப்போது யாரும் பட்டாவைக் கேட்பதில்லை. அறுபது ஆண்டுகள் இந்த லயத்தில் பிறந்து, பால் வெட்டி, பழம் சுமந்து...

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன். பழைய வாத்தியார் பழக்கம்.

கேட்பது இதுதான். பழைய லயத்துத் தொட்டிகளுக்கு ஓர் இலாகா, ஒரு பெயர், ஒரு தேதி. 'தொடர்புடைய அனைவரும்' என்று வேண்டாம். எந்த இலாகா என்று நீங்களே முடிவு செய்யுங்கள், எனக்கு எதுவும் சம்மதம். அந்த இலாகாவில் எந்த அதிகாரி என்று எழுதுங்கள். எந்த நாளுக்குள் தொட்டிகளில் ஓட்டை போடப்படும் என்று எழுதுங்கள். நில அலுவலகத்துக்கு விண்ணப்பம்தான் வேண்டுமென்றால் இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். கட்டணத்தைக் கோயில் நிர்வாகம் கட்டும். சுத்தியலும் ஆளும் எங்களிடம் இருக்கின்றன. அனுமதி ஒன்றுதான் இல்லை. ஓர் இலாகா, ஒரு பெயர், ஒரு தேதி.

அம்மாள் கட்டிய 500 வெள்ளியைத் திருப்பிக் கேட்கவில்லை. அவரே கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தத் தட்டைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார், வருகிற அதிகாரிக்கு முதலில் தெரியட்டும் என்று.

அடுத்த கூட்டம் பிற்பகல் இரண்டரை மணிக்கு என்று கடிதம் வந்திருக்கிறது. வருவேன். உங்களுக்கு வசதிப்பட்டால் அன்று காலை பத்து மணிக்கு லயத்தில் சந்திப்போம். ஐந்து இலாகாவும் ஒரே வண்டியில் வரலாம். புல் உயரமாக இருக்கிறது, நீளமான காலுறையும் பூட்ஸும் போட்டு வாருங்கள். தேநீர் கோயிலில் நான் ஏற்பாடு செய்கிறேன்.

பணிவுடன்,
மேசையின் கடைசி முனையில் இருக்கும் சமூகப் பிரதிநிதி