இரண்டு மணி அடித்தால் ஓட்டு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த வாரம்தான் மாமனார் தவறினார். அப்புறம் வீடு நிறைய ஆட்கள், ஓயாத தொலைபேசி, அடக்கம், நினைவுக் கூட்டம் என்று போனதே தெரியவில்லை. உன் மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை பாதியில் நிறுத்த விடாதே. கொஞ்சம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள்.

மாமனார் வாஷிங்டனில் என்னதான் வேலை பார்த்தார் என்று கேட்டிருந்தாய். எங்கள் கல்யாணத்தில் உன்னிடம் "பால் வியாபாரம்" என்று கண்ணடித்துவிட்டுப் போனாராமே! முழுப் பொய் இல்லை. பால் பண்ணைக்காரர்களின் கூட்டுறவு ஒன்றுக்காக அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆள் பிடித்து, பேசி, காத்திருந்து காரியம் சாதிக்கிற லாபியிஸ்ட். அந்தச் சொல்லைக் கேட்டதும் உனக்கு பெரிய நிறுவனங்களுக்காக ஆள் பிடித்துப் பேசிய நீரா ராடியாவின் தொலைபேசிப் பேச்சுகள், 2010ல் வெளிவந்த அந்த ஒலிநாடாக்கள்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் இங்கே அது வெளிப்படையான தொழில். அரசிடம் மனுக் கொடுத்துக் குறை தீர்க்கச் சொல்வது குடிமக்களின் உரிமை என்று அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே சொல்கிறது. 1995ல் வந்த சட்டப்படி லாபியிஸ்ட் தன் பெயரைப் பதிவு செய்து, யாருக்காக, எந்த விஷயத்துக்காக, எவ்வளவு பணத்துக்கு வேலை செய்கிறார் என்று அறிக்கை தர வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த நேரம் படுமோசம். 1971 மார்ச்சில் ஜனாதிபதி நிக்சனின் அரசு பாலுக்கான ஆதரவு விலையை உயர்த்தியது. பால் கூட்டுறவுகள் பெரிய தொகையைத் தேர்தல் நிதியாகத் தருவதாகச் சொன்ன கதையும் அதோடு சேர்ந்துகொள்ள, பின்னால் நிக்சனின் பதவியையே பறித்த வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் எல்லாம் நாறிவிட்டது. நிக்சனிடம் நிதி அமைச்சராக இருந்த ஜான் கானலி இந்த விவகாரத்தில் லஞ்ச வழக்கையே சந்தித்து 1975ல் விடுதலையானார். அந்தச் சூட்டில்தான் இவர் பால்காரர்களுக்காகப் பேசக் கிளம்பியிருக்கிறார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் பையைத் திறந்து கவிழ்த்துக் காட்டுவாராம். உள்ளே ஒரு சின்னப் பால் டப்பாவும் ஒற்றைத் தாளும் மட்டும் இருக்கும். பால் டப்பா வரவேற்பறைப் பெண்ணுக்கு, தாள் உள்ளே இருப்பவருக்கு.

அந்த ஒற்றைத் தாள்தான் அவருடைய வேதம். என்ன வேண்டும், ஏன் வேண்டும், யார் எதிர்ப்பார்கள், அவர்கள் சொல்வதில் எது நியாயம். நான்கும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். நான்காவதை ஏன் நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "நான் சொல்லாவிட்டால் மத்தியானம் வேறொருவன் வந்து சொல்வான். அதோடு அந்தக் கதவு எனக்கு மூடிவிடும்" என்றார். உறுப்பினரைவிட அவருக்குக் குறிப்பு எழுதித் தருகிற இருபத்தைந்து வயது உதவியாளர்தான் முக்கியம், அந்தப் பிள்ளையை முதலாளி முன்னால் ஒரு தடவை அவமானப்பட வைத்துவிட்டால் ஆயுசுக்கும் மன்னிக்காது என்பது அவர் கணக்கு.

வீட்டிலும் இதே நாடகம்தான். நாடாளுமன்றக் கட்டடங்களில் ஓட்டெடுப்புக்கு மணி அடிப்பார்கள். பிரதிநிதிகள் சபையில் இரண்டு தடவை மணி அடித்தால் பெயரோடு பதிவாகும் ஓட்டு, மூன்று தடவை அடித்தால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஆள் எண்ணுவது. மாமனார் ஒரு பித்தளை மணி வாங்கிச் சமையலறையில் மாட்டியிருந்தார். இரண்டு அடித்தால் என்ன சமைப்பது என்று ஓட்டு. சபையைப் போலவே பதினைந்து நிமிடம்தான் அவகாசம். மூன்று அடித்தால் எல்லாரும் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். நான் புதுசாகப் போன சமயம், எதற்கும் வாய் திறக்காமல் சும்மா இருந்தேன். "நடுநிலை ஒன்று" என்று சத்தமாக அறிவித்து, என் தட்டில் மட்டும் வெறும் ரொட்டியை வைத்தார். மறுநாளிலிருந்து முதல் ஓட்டு என்னுடையதுதான்.

2007ல் சட்டம் இறுகியது. அதற்கு முந்தைய வருடம் ஜாக் ஏப்ரமாஃப் என்ற பெரிய லாபியிஸ்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போன ஊழலின் விளைவு. இனி லாபியிஸ்டுகள் உறுப்பினர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போடக் கூடாது. வரவேற்பு விருந்தில் நின்றபடி கொறிக்கிற சில்லறைத் தீனி மட்டும் பரவாயில்லை. பல்குச்சி விதி என்றே இங்கே அதற்குப் பட்டப்பெயர். அந்த வாரம் நாங்கள் சாப்பிடப் போனால், சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி இல்லை! எல்லாவற்றையும் கராஜில் அடுக்கிவிட்டு, கோட்டு சூட்டோடு நின்று ஆளுக்கொரு பல்குச்சியை நீட்டுகிறார். அத்தனை உருளைக்கிழங்கையும் குச்சியால் குத்திக் குத்தியே தின்றோம். மாமியார் மட்டும், தான் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை என்று சொல்லி, போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் படித்து நான் அவர் தொழிலுக்கே மயங்கிவிட்டதாக நினைத்துவிடாதே. எங்களுக்குள் பெரிய சண்டையே நடக்கும், அதுவும் சீஸ் பற்றி. 1977 வேளாண் சட்டம் பாலுக்கான ஆதரவு விலையை இன்னும் ஏற்றிவிட்டது. அதில் தன் பங்கும் உண்டு என்று பெருமையடிப்பார். விலை தோதாக இருக்கவே பண்ணைகள் கறந்து தள்ளின. விற்காததை அரசே சீஸாகவும் வெண்ணெயாகவும் பால்பவுடராகவும் வாங்கிக் குவித்தது. மிசௌரிப் பக்கம் பூமிக்கடியில் குடைந்த கிடங்குகளில்கூட அடுக்கினார்கள். கடைசியில் 1981 டிசம்பரில் ரீகன் 3 கோடி பவுண்டு சீஸை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொன்னார். "வரி கட்டியவன் காசில் வாங்கிப் பூமிக்குள் பூட்டியதுதான் உங்கள் சாதனையா?" என்று கேட்பேன். அவர் கோபப்பட மாட்டார். என் வாதத்தை என்னைவிட அழகாக ஒரு தடவை சொல்லிக் காட்டிவிட்டு, விலை விழுந்த வருடத்தில் மாட்டை விற்கிற சின்னப் பண்ணைக்காரனின் கணக்கை ஒரு காகிதத்தில் போடுவார். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் சங்கம் வைத்து ஆள் அமர்த்த முடிந்தவனின் கணக்குதானே அந்த மேசைக்கு வருகிறது? வராதவன் கணக்கை யார் போடுவது? இதற்கு அவரிடம் நல்ல பதில் இருந்ததில்லை. சிரித்துவிட்டு, "நீ வா, உன்னை நான் பழக்கிவிடுகிறேன்" என்பார்.

என் வீட்டுக்காரருக்கு அப்பாமேல் வேறு மாதிரி மனக்குறை. சபை கலையும் டிசம்பர் நாட்களில் மாமனார் ராத்திரி ராத்திரியாக அங்கேயே கிடப்பாராம். பள்ளி நாடகம், பிறந்தநாள் எல்லாம் தவறிப்போகும். மறுநாள் ஏதாவது வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்பார், வீடே சிரித்து உருளும். "கோபப்படவே விடமாட்டார், அதுதான் கஷ்டம்" என்று அடக்கத்தன்று ராத்திரி இவர் என்னிடம் சொன்னார். பதினாறு வயதில், கமிட்டி விசாரணைக்கு இடம் பிடிக்க விடியுமுன், பிரதிநிதிகள் சபையின் அலுவலகங்கள் இருக்கிற ரேபர்ன் கட்டட வாசலில் இவரை வரிசையில் நிறுத்துவாராம். கூலிக்கு ஆள் நிறுத்துவது இங்கே சகஜம். இவர் விடுமுறைக் கைச்செலவுக்கு நின்றார். ஏழு மணிக்கு அப்பா காபியோடு வந்து, உள்ளே திறக்கிறவரை பக்கத்திலேயே நின்று கதை பேசுவாராம். அப்பாவோடு தனியாக இருந்த நேரம் என்று இவர் சொல்வது அந்த வரிசைதான்.

நினைவுக் கூட்டத்துக்கு இரண்டு கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். லிஃப்ட் இயக்கியவர், காவலர், காபி ஊற்றிக் கொடுத்த அம்மாள் என்று அந்தக் கட்டடங்களில் வேலை பார்த்த பலரும் வந்திருந்தார்கள். எல்லாரையும் விட நன்றாகப் பேசியது ஒரு வயதான அம்மாள். நுகர்வோர் தரப்புக்காக இத்தனை வருடமும் மாமனாரை எதிர்த்தவர். ஒரு விசாரணைக்குச் சாட்சி சொல்ல வந்த அன்று அவருடைய பை விமானத்தில் வந்து சேரவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றவரிடம் மாமனார் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்திருக்கிறார். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தானே எழுதி வைத்திருந்தது. "என் புள்ளிவிவரங்களை என்னைவிட ஒழுங்காக வரிசைப்படுத்தியிருந்தார்" என்றார் அந்த அம்மாள். அன்றைய ஓட்டில் பால் தரப்பு தோற்றதாம். "அதற்கு என்னைத்தான் காபி வாங்கித் தரச் சொன்னார்" என்றதும் தேவாலயம் என்றுகூடப் பார்க்காமல் எல்லாரும் சிரித்தார்கள். மாமியார்தான் முதலில் சிரித்தார்.

இப்போது இவர் ராத்திரி உட்கார்ந்து அப்பாவின் பழைய லாபி அறிக்கைகளைக் கணினியில் படிக்கிறார். 2008லிருந்து மூன்று மாதத்துக்கு ஒன்று. அதற்கு முன் ஆறு மாதத்துக்கு ஒன்று. மசோதா எண், துறை, தொகை, அவ்வளவுதான், வறட்டு எழுத்து. "இந்தக் காலாண்டில்தான் பெரியவள் பிறந்தாள்", "இது அம்மாவுக்கு முதுகு ஆபரேஷன் நடந்த சமயம்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். நானும் போய்ப் பார்க்கிறேன், இந்த விஷயத்தில் எதுவும் பேசுவதில்லை.

பெரியவளுக்கு நாய் வேண்டுமாம். நேற்று ஒற்றைத் தாள் ஒன்று என் கைக்கு வந்தது. தாத்தா பழக்கிவிட்டபடி நான்கு பகுதி. "அம்மாவுக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது, நடைக்குக் கூட்டிப்போகும் வேலை கடைசியில் அம்மா தலையில்தான் விழும்" என்று எதிர்த்தரப்பு நியாயத்தை அவளே எழுதிவிட்டாள். நான் சொல்ல எதுவும் பாக்கியில்லை. மாமியாரும் எங்களோடு வந்துவிட்டதால் வீட்டில் இப்போது ஐந்து ஓட்டு. அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் ஞாயிற்றுக்கிழமை தோற்கத்தான் போகிறேன்.

உன் மகள் கல்யாணத் தேதி உறுதியானதும் உடனே எழுது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை பார்த்து டிக்கெட் போட வேண்டும். மாமியாரையும் கூட்டிவரலாமா என்று யோசிக்கிறோம். உன் வீட்டில் மாடி ஏற முடியாது, கீழே ஒரு அறை இருக்குமா?

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி