ரத்தவியல் மருத்துவர்கள் படிக்கும் அரங்கில் ரத்த வங்கிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். மருத்துவர்களின் தொடர் கல்வி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்தனை மணி நேரம் உட்கார்ந்தால் இத்தனை புள்ளி என்ற கணக்கு போதாது என்று கட்டுரையாளர் சொல்வது சரிதான். ஆனால் ரத்த நோய் நிபுணர்களைப் பொறுத்தவரை, என்ன படிக்கிறார்கள் என்பதைப் போலவே யாரோடு சேர்ந்து படிக்கிறார்கள் என்பதும் முக்கியம். பல வருடங்களாக ரத்த வங்கியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் இரவு, மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த நோயாளி ஒருவருக்கு ரத்தம் கேட்டு மாதிரி வந்தது. ரத்தப் பிரிவு பார்ப்பதில் சிக்கல் இல்லை. ஏற்றும் ரத்தத்தைத் தாக்கும் ஆன்டிபாடி உண்டா என்று பார்க்கும் பரிசோதனையில்தான் வைத்த செல்கள் எல்லாமே பாசிட்டிவ். நோயாளியின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்ச் பரிசோதனையில் ஒரு பைகூடப் பொருந்தவில்லை. அங்கே வார்டில் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இங்கே நாங்கள் ஏதோ அபூர்வமான ஆன்டிபாடி என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம். விடியும் நேரத்தில் வார்டு நர்ஸிடம் என்னென்ன மருந்து போகிறது என்று கேட்ட பிறகுதான் டாராடுமுமாப் என்ற பெயர் வெளியே வந்தது.

அந்த மருந்து மைலோமா செல்களின் மேலுள்ள சிடி38 என்ற புரதத்தைப் பிடித்துத் தாக்குகிறது. அதே புரதம் சிவப்பணுக்களின் மேலும் கொஞ்சம் உண்டு. அதனால் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் மருந்து எங்கள் பரிசோதனைச் செல்களிலும் போய் ஒட்டிக்கொள்ள, எல்லாமே பொருந்தாத ரத்தம் போலத் தெரிகிறது. கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம் வரை இது நீடிக்கலாம். பரிசோதனைச் செல்களை டிடிடி என்ற ரசாயனத்தில் வைத்தெடுத்தால் சிக்கல் தீரும். அது சிவப்பணுக்களின் மேல் அடையாளம் போல இருக்கும் கெல் வகை ஆன்டிஜென்களையும் அழித்துவிடும் என்பதால், வழக்கமாகக் கெல் நெகட்டிவ் (கெல் அடையாளம் இல்லாத) ரத்தமாகப் பார்த்துக் கொடுப்போம். இதைவிடச் சுலபமான வழி, முதல் டோஸுக்கு முன்பே ஒரு மாதிரியை ரத்த வங்கிக்கு அனுப்பி, ரத்தப் பிரிவையும் ஆன்டிஜென் விவரங்களையும் பதிந்து வைத்துவிடுவது.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. டாராடுமுமாப் அமெரிக்காவில் 2015 நவம்பரில் அனுமதி பெற்றது. கிராஸ் மேட்ச் சிக்கலும் டிடிடி தீர்வும் அதே வருடமே ஆய்விதழ்களில் வந்துவிட்டன. மருந்தை எழுதிய மருத்துவரும் அதைப் பற்றிக் கருத்தரங்கில் கேட்டவர்தான். நோயாளிகள் எத்தனை காலம் கூடுதலாக வாழ்கிறார்கள் என்ற வரைபடங்கள் அவர் நினைவில் இருந்தன. ரத்த வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை என்று அவரே வருத்தப்பட்டார். சொல்லக்கூடியவர்கள் அந்த அரங்கில் இல்லையே.

ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயிலும் இதே கதைதான். அதற்கான எமிசிசுமாப் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிக்கு, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி பரிசோதனை செய்தால் நார்மல் அல்லது அதற்கும் குறைவான நேரம் காட்டும். வழக்கமான ஒன்-ஸ்டேஜ் முறையில் ஃபேக்டர் 8 என்ற உறைதல் புரதத்தை அளந்தால், இல்லாததை இருப்பதாகக் காட்டும். மாட்டு ஃபேக்டர்களைக் கொண்டு செய்யும் குரோமோஜெனிக் முறைதான் உண்மை நிலையைச் சொல்லும். லேபுக்கு மருந்தின் பெயர் தெரியாவிட்டால் நார்மல் என்று ரிப்போர்ட் போகும், அதை நம்பி அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கும். நினைக்கவே பயமாக இருக்கிறது.

லேபும் மருத்துவரும் ஒன்றாகக் கற்றால் என்ன நடக்கும் என்பதை 2021-ல் பார்த்தோம். அடினோவைரஸ் வகைக் கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு மிக அரிதாகச் சிலருக்குத் தட்டணுக்கள் குறைந்து, ரத்தமும் உறைந்தது. பிஎஃப்4 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிதான் காரணம் என்று சில வாரங்களிலேயே தெரிந்தது. ஹெப்பாரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தால் வரும் தட்டணுக் குறைவுக்கு லேப்களில் செய்யும் துரிதப் பரிசோதனைகள் பலவற்றில் இது சிக்கவில்லை, எலைசா முறையில்தான் பிடிபட்டது. எந்த டெஸ்டை நம்பலாம் என்பதை லேப்காரர்களும், ஹெப்பாரின் வேண்டாம், இம்யூனோகுளோபுலின் கொடுங்கள் என்பதை மருத்துவர்களும் ஒரே மூச்சில் உலகம் முழுக்கப் பரப்பினார்கள். அப்போது புள்ளிக்காகவா படித்தார்கள்?

கற்றதைக் கைவிடுவதும் கல்விதான். அரிவாள் செல் நோய்க்கு 2019-ல் வந்த வோக்செலோடார் மருந்தை 2024 செப்டம்பரில் அதன் நிறுவனமே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அறிமுக விழாக்களுக்கு ஆதரவளிக்க எப்போதும் யாராவது கிடைப்பார்கள். ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லும் கூட்டத்துக்கு அப்படி யார் வருவார்கள்? தொடர் கல்விக்கான செலவைப் பெருமளவு மருந்து நிறுவனங்களிடம் விட்டுவைப்பதில் எனக்குள்ள பெரிய கவலை இதுதான்.

வெறும் சொற்பொழிவு மருத்துவரின் நடைமுறையை அதிகம் மாற்றுவதில்லை, நோயாளிகளின் கேஸை வைத்துக் கலந்து பேசுவதும் திரும்பத் திரும்பப் பேசுவதும் கூடுதல் பலன் தரும் என்று தொடர் கல்வி ஆய்வுகள் பல வருடங்களாகச் சொல்லி வருகின்றன. அதனால், புள்ளிகளில் ஒரு நல்ல பங்கை, மருத்துவர் தன் சொந்த மருத்துவமனையில் லேப், ரத்த வங்கி, நர்ஸ், மருந்தாளுநர் எல்லாரோடும் உட்கார்ந்து நடத்தும் கேஸ் கூட்டத்துக்குக் கொடுக்கலாம். நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். வாரத்தில் அரை மணி நேரம், எல்லாருமாக நான்கு ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம்) பார்த்தால்கூடப் போதும். புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் முதல் சில நாட்களிலேயே ரத்தக்கசிவில் உயிர் போய்விடும். அதனால்தான் சந்தேகம் வந்தவுடனே, மரபணு முடிவுக்குக் காத்திராமல் ஏடிஆர்ஏ மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் முதலில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வருகிறது. யாருக்குப் போன் செய்வது, தயங்காமல் செய்யலாமா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிய மருந்து பற்றிய ஒவ்வொரு அமர்விலும் லேபிலிருந்தோ ரத்த வங்கியிலிருந்தோ ஒருவரைப் பேச வைக்க வேண்டும் என்று மாநாடு நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது நடக்கும் வரை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரத்தம் கேட்கும் படிவத்தில் நோயின் பெயரோடு, கடந்த ஆறு மாதத்தில் கொடுத்த மருந்துகளின் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ரத்த வங்கி ஊழியர்